நான்தான் என்றவள்

அவளுடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கேயோ புருஷன், பிள்ளை என்று நிம்மதியாக இருப்பாள். அவளைப் பெயர் சொல்லி இழுத்து வந்து நிறுத்த எனக்கு என்ன உரிமை? தவிர, இல்லத்தில் நாங்கள் யாருமே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. 'நான்தான் அக்கா' என்போம். சின்னதுகள் அதையும் சுருக்கி 'தானக்கா' ஆக்கிவிட்டன. கூப்பிட்டால் கோபம் வராது. மேல்வரிசையில் பாதி உடைந்த பல் தெரிய, "என்ன புள்ள?" என்று திரும்புவாள்.

கொல்லிமலைமேல், சில்வர் ஓக் மரங்களுக்கும் அவற்றில் ஏறிக் கிடக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவில் இருந்தது அந்தப் பெண் குழந்தைகள் இல்லம். இப்போது இல்லை, மூடிவிட்டார்கள். நான் அங்கே போனபோது ஆறாம் வகுப்பு. கீழே சேந்தமங்கலம் பக்கம் எங்கள் ஊர். கட்டட வேலைக்குப் போன அம்மா செத்துப் போன பிறகு, 'மாமன் முறை' என்று சொல்லிக்கொண்டு ஒருவன் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினான். மிட்டாய் வாங்கி வருவான், கொலுசு வாங்கி வருவான். 'புள்ளைய நானே வெச்சுப் பாத்துக்கறேன்' என்பான். அவன் பார்த்த பார்வை எனக்கும் பிடிக்கவில்லை, என் டீச்சருக்கும் பிடிக்கவில்லை. டீச்சர்தான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து என்னை மலை ஏற்றிவிட்டார். அங்கே அவன் வரமாட்டான் என்று இரண்டு பேரும் நம்பினோம். நான் போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே, அந்த இல்லத்துக்கு அரிசி மூட்டை இறக்கும் புண்ணியவானாக அவன் ஆகிவிட்டான். விழா நாட்களில் மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரிப்பான். நான் முன்னால் உட்கார்ந்திருப்பவளின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொள்வேன்.

அங்கே வந்தவர்கள் எல்லாரும் என்னைப்போல் ஏதாவது ஒன்றிலிருந்து ஓடி வந்தவர்கள்தான். கடிக்கிறவள் உண்டு, படுக்கையை நனைக்கிறவள் உண்டு, மாதக்கணக்கில் வாய் திறக்காதவள் உண்டு. இத்தனை பேரையும் வார்டன் அம்மா கட்டி மேய்த்தது அடித்து அல்ல. அவர் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. குரலும் உயராது. 'கண்ணு', 'சாமி' என்றுதான் பேசுவார். எங்காவது ஒரு தப்பு நடந்துவிட்டால் எல்லாரையும் பிரேயர் ஹாலில் உட்கார வைத்து, ஒவ்வொருத்தியாகப் பக்கத்தில் கூப்பிட்டு, தலையைத் தடவி, காதோடு கேட்பார்: "யாருன்னு சொல்லு கண்ணு. நீ சொன்னேன்னு யாருக்கும் தெரியாது." ஆள் கிடைக்கும் வரை சோறு கிடையாது. ஆள் கிடைத்துவிட்டால் அவளோடு யாரும் பேசக் கூடாது. தட்டை நீட்டும்போதுகூட முகத்தைப் பார்க்கக் கூடாது. அவர் சொல்லும் வரைக்கும் அப்படித்தான். அடி வாங்கினால் அழுது தீர்த்துவிடலாம். இது அப்படியல்ல. இரண்டே வாரத்தில், 'நான் நிஜமாகவே இருக்கிறேனா' என்று தன்னையே கிள்ளிப் பார்த்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். யார் எந்த நேரத்தில் யாரைக் காட்டிக் கொடுப்பாள் என்று தெரியாததால் எங்களுக்குள் சிநேகிதம் என்ற ஒன்றே இல்லை. வார்டன் அம்மாவுக்கு வேண்டியதும் அதுதான்.

நான் பார்த்த முதல் விசாரணை பலாப்பழ விசாரணை. யாரோ பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று வைத்திருந்த பழத்தை ஒரு கூட்டம் பின்பக்கம் கொண்டுபோய் உடைத்துத் தின்றுவிட்டது. கூட்டம் என்ன கூட்டம், பாதி இல்லமே தின்றது. ஹாலில் ஒரே பலாப்பழ வாசனை. வார்டன் அம்மா எங்கள் கைகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டு வந்தார். நான் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன். அப்போது பின்வரிசையில் கொழுகொழுவென்று ஒருத்தி எழுந்தாள்.

"நான்தானுங்கம்மா."

"நீ மட்டுமா?"

"ஆமாங்க."

"அவ்வளவு பெரிய பழத்தையா கண்ணு?"

"பசிங்கம்மா."

ஹாலே குலுங்கிச் சிரித்தது. வார்டன் அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு யாரும் பேசாத தண்டனை. அதை அவள் கழித்த விதம் இருக்கிறதே! நாங்கள்தானே அவளோடு பேசக் கூடாது? அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பாள். "நீங்க பேச வேண்டாம்டி, உங்களையும் சேத்து நானே பேசிக்கறேன்" என்று ஆரம்பித்து, எங்கள் கேள்வியையும் அவளே கேட்டு, பதிலையும் அவளே சொல்லி, கடைசியில் எங்களுக்காக அவளே கோபித்துக்கொண்டும் போவாள். தட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நாங்கள் சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் அவள்தான். கண்ணாடி உடைந்தால் அவள், சுவரில் கிறுக்கியிருந்தால் அவள், மிளகு காயப் போட்ட பாயை மழையில் விட்டது அவள். சில பெண்களுக்கு இது வசதியாகப் போய்விட்டது. துணிந்து வேண்டாத வேலையெல்லாம் செய்தார்கள். அவள் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. ஒருநாள் ஓடு உடைந்து கிடந்தது. வார்டன் அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே எழுந்துவிட்டாள்.

"நான்தானுங்கம்மா."

"குரங்கு ஒடச்சத நானே என் கண்ணால பாத்தேன்டி!"

"அப்படீங்களா? சரிங்கம்மா."

உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. இது நல்ல மனசா, இல்லை சீக்கா? வார்டன் அம்மா அவளை முறைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் பயத்தைப் பார்த்தேன்.

அவளைப் பற்றி ஒரு வதந்தி வேறு உண்டு. அவள் திருப்புலி நாட்டுப் பக்கம். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. குடித்துவிட்டு வந்து கையை நீட்டும் சித்தப்பனைப் பாறையிலிருந்து பிடித்துத் தள்ளிவிட்டுத்தான் இங்கே வந்தாள் என்று பேசிக்கொள்வார்கள். இன்னொருத்தி, அவன் தானாகவே வழுக்கி விழுந்தான், இவள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள் என்பாள். எனக்கு நாக்கு அரிக்கும். ஒருநாள் துணி அலசிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"தானக்கா, உங்க சித்தப்பனைத் தள்ளுனது நீயா?"

"நான்தான்" என்றாள், பாவாடையைப் பிழிந்துகொண்டே.

போங்கள்! இவளிடம் கேட்டு என்ன பிரயோஜனம்? உண்மையாகவே செய்திருந்தாலும் இதைத்தான் சொல்வாள், செய்யாவிட்டாலும் இதைத்தான் சொல்வாள். இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஏங்கா இப்படி எல்லாத்தையும் தலைல போட்டுக்கற?" என்றேன்.

"யாருன்னு தேடிக்கிட்டே இருந்தா எல்லாருக்கும் பயம் புள்ள. ஒருத்தி கெடச்சுட்டா மத்தவங்க சோறு திங்கலாம்ல?" என்றாள். பிறகு, "எனக்கும் பசிக்குமில்ல" என்று சேர்த்துக்கொண்டாள்.

இதற்கு வார்டன் அம்மா கண்டுபிடித்த மருந்துதான் கற்பூரம். சமையல் அக்கா தேவனூர் நாட்டுக்காரி. மலைவழக்கம் ஒன்றை அவள்தான் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். களவோ காட்டுத் தகராறோ, எதுவானாலும் மலைக்காரர்களுக்குக் கடைசி முடிவு அதுதான். எட்டுக்கை அம்மன் பேரைச் சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். பொய் சொன்னவனை அம்மன் பார்த்துக்கொள்வாள். பூமியில் பிறந்தவர்கள் பேசாத பொய்யில்லை. ஆனால் அந்த இடத்தில் மலைக்காரர்கள் பேச மாட்டார்கள். வார்டன் அம்மா கீழ்நாட்டுக்காரர். அவருக்கு அது கையில் கிடைத்த இன்னொரு கருவி, அவ்வளவுதான்.

ஒருநாள் வார்டன் அம்மாவின் செல்போன் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தது. போட்டது யார் என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வாய் திக்கும் ஒரு சின்னப் பெண். எடுத்துப் பார்த்தாள், கை தவறி விழுந்துவிட்டது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். 'நான்தானுங்கம்மா' என்று இவள் எழுந்தாள். வார்டன் அம்மா போய்த் தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"ஆத்தா பேரச் சொல்லி அணைச்சுட்டுச் சொல்லு சாமி. நீதானா?"

மலைப் பெண்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவளும் மலைப் பெண்தான். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. உதடு அசைந்தது. நான் நினைத்தேன், இத்தோடு சரி, இன்றைக்கு உட்கார்ந்துவிடுவாள் என்று. உட்காரவில்லை. கையைத் தூக்கி ஓங்கி ஒரு அடி.

"ஆத்தா சத்தியமா, நான்தான்."

சமையல் அக்கா கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு சில நாள் தானக்கா சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பாட்டில் குறை வைக்கிறவளே அல்ல அவள்! அடுப்படிக்குப் போய், "பொய்ச் சத்தியத்துக்கு என்னக்கா பண்றது?" என்று கேட்டிருக்கிறாள். "கோழி நேந்துக்க கண்ணு" என்றாளாம் சமையல் அக்கா. "கோழிக்கு நான் எங்கக்கா போவேன்?" என்று இவள் அழ, கூடவே அவளும் அழுதிருக்கிறாள். எதற்கும் அழாதவளை அன்று அழ வைத்தது அது ஒன்றுதான்.

அவ்வளவு பட்டும் பலனில்லை. தலையைத் தடவித் தடவிக் கேட்டதில் அந்தச் சின்னப் பெண் தானே ஒப்புக்கொண்டுவிட்டது. வார்டன் அம்மா எங்கள் எல்லாரையும் கூட்டினார். "பாத்துக்குங்க. அம்மன்கிட்டயே பொய் சொன்னவ இவ. இனிமே எதுக்காச்சும் இவ நான்தான்னு சொன்னா, இவ இல்லேன்னு அர்த்தம். புரிஞ்சுதா?" என்றார். நாங்கள் தலையாட்டினோம். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவமானத்தில் தலை குனிந்திருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. கணக்குப் பாடத்தில் விடை கிடைத்துவிட்ட பிள்ளை மாதிரி ஒரு முகம்.

பிறகுதான் அந்த நாள் வந்தது. பொங்கலுக்கு ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி, அந்த மாமன் முறைக்காரன் என்னை அழைத்துப் போக வார்டன் அம்மா சம்மதித்துவிட்டார். போன வருஷம் இப்படித்தான் ஒரு பெண்ணை வீட்டு வேலைக்கு என்று அழைத்துப் போனான். அவள் திரும்பி வரவே இல்லை. எங்கே என்று கேட்டால் 'நல்லா இருக்கா கண்ணு' என்பார் வார்டன் அம்மா. காலையில் இட்லித் தட்டோடு வந்த சமையல் அக்கா, அவன் இன்றைக்கே வருகிறான் என்று சொன்னதும் தானக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ இட்லியத் தின்னு புள்ள" என்று கையை விடுவித்துக்கொண்டு அவள் எழுந்து போனாள்.

தானக்காதான் ஏற்பாடெல்லாம் செய்தாள். சமையல் அக்காவைக் கீரை பறிக்கிற சாக்கில், சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு அனுப்பி, நாமக்கல்லில் குழந்தைகளுக்கான அதிகாரிக்குப் போன் செய்ய வைத்தாள். அந்த மேடம் உடனே கிளம்புவதாகச் சொன்னார். ஆனால் நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வந்து, அத்தனை வளைவும் ஏறி வர வேண்டுமே! அதற்குள் அவன் ஜீப் வந்துவிட்டால்? பிரேயர் ஹாலில் ஒரு பரண் உண்டு, பழைய மெத்தைகள் போட்டு வைக்கிற இடம். ஏணி வைத்து என்னை அங்கே ஏற்றி, மெத்தையைப் போர்த்தி, "தும்மாத. என்ன சத்தம் கேட்டாலும் எட்டிப் பாக்காத" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அவன் ஜீப்தான் முதலில் வந்தது. என்னைக் காணோம் என்றதும் இல்லமே அல்லோலகல்லோலப்பட்டது. பிறகு எல்லாரையும் ஹாலில் கூட்டினார் வார்டன் அம்மா. பலகை இடுக்கு வழியாக எனக்கு அவருடைய தலை வகிடு தெரிந்தது. பக்கத்தில் அவனுடைய வெள்ளைச் சட்டை.

"யாரு சாமி அவள ஒளிச்சு வெச்சது?"

"நான்தானுங்கம்மா."

எனக்குப் பகீரென்றது.

"எங்க கண்ணு?"

"பரண் மேலிங்க. இங்கதான்."

அடிப்பாவி! காட்டிக் கொடுத்துவிட்டாளே, இவளைப் போய் நம்பினேனே என்று மெத்தையைக் கடித்துக்கொண்டேன். பிறகு அவள் குரல்தான் மறுபடியும் கேட்டது, சாதாரணமாக, சந்தைக்கு வழி சொல்கிற குரலில்.

"ஏணி பின்னால இருக்குதுங்க. எடுத்தாரட்டுங்களா?"

வார்டன் அம்மா சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"கற்பூரம் வேணும்னாலும் அணைக்கறேனுங்கம்மா" என்றாள் இவள்.

"அணைப்ப, அணைப்ப. அன்னிக்கும்தான் அணைச்ச."

ஆனாலும் தானக்காவே கற்பூரத்தை ஏற்றினாள். வாசனை பரண் வரை ஏறி வந்து என் தொண்டையில் உட்கார்ந்தது. இருமல் வந்துவிடும் போல் இருந்தது. மெத்தைப் பஞ்சை வாய் நிறைய அடைத்துக்கொண்டேன். சட்டென்று ஒரு அறைச்சத்தம். "ஆத்தா சத்தியமா, அவள ஒளிச்சது நான்தான். இந்தப் பரண்மேலதான் இருக்கா."

"ஏறிப் பாத்துட்டாத்தான் என்னங்க?" என்றான் அவன்.

ஐயோ, அந்த ஒரு நிமிஷம்! என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அவள் செத்த அன்றுகூட நான் அப்படி நினைத்ததில்லை.

"உங்களுக்கு இவளத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும்" என்றார் வார்டன் அம்மா. "பரண்ல இருக்கான்னு சொன்னா பரண்ல இல்ல. இங்கதான்னு சொன்னா வெளிய போயாச்சு. நம்மள இங்கயே புடிச்சு நிறுத்தப் பாக்கறா. சமையக்காரியைக் காலைலருந்து காணோம் பாருங்க, அவதான் பஸ் ஏத்திவிடக் கூட்டிட்டுப் போயிருப்பா. வண்டிய எடுங்க."

எல்லாரும் ஓடினார்கள். ஜீப் உறுமிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தை நோக்கிப் போனது. ஹாலில் அவள் மட்டும் நின்றாள். மேலே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளங்கையை ஒரு தடவை ஊதிக்கொண்டு, சுவரோரம் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். அதிகாரி மேடத்தின் வண்டி வந்து, பெண் போலீஸ் ஒருவர் ஹாலுக்குள் நுழைந்த பிறகுதான் ஏணியை எடுத்து வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கேஸ், கோர்ட், சாட்சி. வார்டன் அம்மாவும் அவனும் உள்ளே போனார்கள். மற்ற பெண்களை வெவ்வேறு ஊர் இல்லங்களுக்குப் பிரித்துவிட்டார்கள். எங்களையும்தான். அப்புறம் அவளை நான் பார்க்கவே இல்லை. இப்போது சேந்தமங்கலத்தில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. மலையிலிருந்து வரும் பஸ்ஸில் குண்டாக யாராவது இறங்கினால் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன்.

எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். இத்தனை வருஷம் செய்யாத தப்புக்கெல்லாம் தண்டனை வாங்கிக்கொண்டது, ஒருநாள் உண்மையைச் சொல்லும்போது யாரும் நம்பக் கூடாது என்பதற்காகவா? அப்படி யாராவது செய்வார்களா? இல்லை, 'நான்தான்' என்று சொல்லாமல் அவளால் இருக்கவே முடியாதா? அம்மனிடம் இன்னொரு பொய் சொல்ல மனசு வராமல்தான் உண்மையைச் சொல்லித் தொலைத்தாளா? எதுவாக இருந்தாலும், அவளை நினைத்தால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும். அவ்வளவு பெரிய ஆள் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து துணி துவைத்திருக்கிறாள்.

கேட்காமலா விட்டேன்? அன்றைக்கே கேட்டேன். நான் அவள் கையை விட மாட்டேன் என்று அழுததால் மேடம் எங்கள் இருவரையும் தம் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். மலையில் பனிப்புகையாக மஞ்சு இறங்கிவிட்டது. வளைவில் திரும்பும்போதெல்லாம் நான் அவள்மேல் சாய்ந்தேன். வாயில் இன்னும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அவள்மேல் ஒரே கோபம்.

"அந்தம்மா மேல பாத்திருந்தா என்னக்கா பண்ணியிருப்ப?"

மடியில் வைத்திருந்த துணிப்பையைத் திறந்து, முகம் துடைத்துக்கொள்ள ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். அது என் துண்டு. பைக்குள் பார்த்தேன். அவளுடைய பாவாடைகளுக்கு அடியில் என் ஸ்வெட்டர், என் சோப்பு டப்பா, என் பள்ளிக்கூடச் சட்டை. மேடம் வந்த பிறகு எங்களுக்கு மூட்டை கட்ட நேரமே இருக்கவில்லை. நான் கட்டிய துணியோடு வண்டியில் ஏறியிருந்தேன்.

"இதெல்லாம் எப்பக்கா எடுத்து வெச்ச?"

"காலைலயேதான், நீ இட்லி திங்கறப்ப" என்றாள். "ரெண்டு ஜீப்புல எது மொதல்ல வருதுன்னு எனக்கென்ன தெரியும்? எதுல உன்னைய ஏத்துனாலும் நானும் ஏறணுமில்ல? நானும் வாரேன்னா அவன் வேண்டாம்னா சொல்லப் போறான், புள்ள?"